கொடுப்பதும் நம் கை, நிறுத்துவதும் நம் கை

(மகளிர் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் தொழில் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகப் பேசிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். பஸ் ஸ்டாண்டில், சந்தையில், கோயில் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து விடாமல் பணம் கேட்டால் நாம் என்ன செய்வது? "இதுக்கெல்லாமா ஒரு பேச்சு?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார். சிரிங்க அக்கா, ஆனா கொஞ்சம் கேளுங்க.

இது ஏன் நம் சங்கத்தின் விஷயம்? நம் பையில் இருப்பது நம் பணம் மட்டும் இல்லை. ஒரு குழுவில் 12 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 200 ரூபாய் சேமிப்பு என்றால் 2,400 ரூபாய். அதோடு ஆளுக்கு 1,500 ரூபாய் கடன் தவணை சேர்ந்தால் 18,000 ரூபாய். மொத்தம் 20,400 ரூபாயை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நம்மில் ஒருத்தி டவுன் பஸ் ஏறி செஞ்சிக்கு வருகிறாள். அது களை எடுத்த கூலி, பால் ஊற்றிய காசு, ஆடு விற்ற பணம். அது தொலைந்தால் வங்கியில் தவணை தவறும். அதைவிட, குழுவுக்குள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாமல் போகும். பத்து வருஷம் கட்டிய நம்பிக்கை பத்து நிமிஷத்தில் ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் இந்தத் தலைப்பு.

நம் ஊர் வரவர ஜனம் கூடும் ஊராக ஆகிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம்முடையது. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஆட்டுச் சந்தையில் கட்டுக்கட்டாகப் பணம் கைமாறுகிறது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் போட்டுப் பணம் வாங்கி வருகிறோம். அமாவாசை அன்று மேல்மலையனூர் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. பணமும் கூட்டமும் சேரும் இடத்துக்கு, இல்லாதவரும் வருவார், ஏமாற்றுகிறவரும் வருவார்.

மேல்மலையனூர் என்றதும் அங்காளம்மன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிவபெருமான் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கொய்தார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. கிடைத்த பிச்சையை எல்லாம் கபாலமே விழுங்கிவிட, சாமியே பசியோடு ஊர் ஊராகத் திரிந்தார். மலையனூரில் அம்மன் என்ன செய்தாள்? சோறு சமைத்தாள். முதல் கவளத்தைக் கபாலத்தில் போட்டாள். இரண்டாவதையும் போட்டாள். மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. அம்மன் பெரிய உருவம் எடுத்து அதைக் காலால் மிதித்தாள். மாசி மாதம் நாம் பார்க்கும் மயானக் கொள்ளை இந்தக் கதையை வைத்துத்தான் நடக்கிறது.

நான் அந்தக் கதையை இப்படிப் புரிந்துகொள்கிறேன். பசித்தவருக்குச் சோறு போட்டவளும் அவள்தான். எவ்வளவு போட்டாலும் அடங்காததை நிறுத்தியவளும் அவள்தான். எங்கே போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவள் முடிவு செய்தாள். கேட்ட கபாலம் முடிவு செய்யவில்லை. நம் பெரியவர்கள் பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று சொன்னதும் இதைத்தான்.

ஆனால் நம்மை எப்படி வளர்த்திருக்கிறார்கள்? பொம்பளைப் பிள்ளை எதிர்த்துப் பேசக் கூடாது, யாராவது கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்லக் கூடாது. விடாமல் கேட்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆம்பளை பத்து பேர் நிற்கிற இடத்தில் நம்மைத் தேடித்தான் வருவார். நம் இரக்கம், நம் வெட்கம், நம் பயம், இந்த மூன்றையும் தட்டிப் பார்ப்பார். எது திறக்கிறதோ அதன் வழியே உள்ளே வருவார்.

இரக்கத்தைத் தட்டுகிறவர்: "பர்ஸ் தொலைஞ்சுபோச்சு, திருவண்ணாமலை போகணும், பஸ்ஸுக்கு நூறு ரூபா கொடும்மா" என்பார். உண்மையாகவும் இருக்கலாம். அவர் சொல்வது பொய்யா மெய்யா என்று நடுரோட்டில் விசாரிக்க நாம் நீதிபதி இல்லை. காசுக்குப் பதில் காரியத்தைச் செய்யலாம். "வாங்க, கண்டக்டர் கிட்ட சொல்லி டிக்கெட் எடுத்துத் தரேன்", "பசிக்குதுன்னா இட்லி வாங்கித் தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். தேவை உள்ளவர் கூடவே வருவார். காசு மட்டும்தான் வேண்டும் என்பவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். இந்த உதவியும் வெளிச்சத்தில், நாலு பேர் இருக்கும் இடத்தில்தான். தனியாக எங்கேயும் கூடப் போகக் கூடாது.

வெட்கத்தைத் தட்டுகிறவர்: கேட்காமலே கையில் கயிறு கட்டுவார், எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். பிறகு, "காணிக்கை நூத்தியொண்ணு" என்பார். கையில் வாங்கியாச்சே, எப்படி இல்லை என்பது என்று நமக்குக் கூச்சம். முதலிலேயே உள்ளங்கையை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். திணித்துவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்துத் திண்ணையில் வைத்துவிட்டு நடங்கள். நாம் கேட்காத பொருளுக்கு நாம் கடன்காரி ஆக மாட்டோம்.

பயத்தைத் தட்டுகிறவர்: "உன் வீட்டுக்காரனுக்குக் கண்டம் இருக்கு, பரிகாரம் செய்யலேன்னா மூணு மாசம் தாங்காது" என்பார். கொடுக்காவிட்டால் சாபம் விடுவார். அக்கா, மனசு பதறும், நான் இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரமாக இருந்தால் இன்னும் பதறும். ஆனால் அங்காளம்மன் சந்நிதியில் விழுந்து கும்பிட்டு வருகிற உங்களுக்கு, வாசலில் நிற்கும் ஒருவர் வாய் வார்த்தை என்ன செய்துவிடும்? பதறின மனசோடு பையைத் திறக்காதீர்கள். அவருக்கு வேண்டியது அந்தப் பதற்றம்தான்.

இப்போது நாலாவதாக ஒன்று வந்திருக்கிறது, செல்போன். "அக்கா, கையில காசு தரேன், எனக்கு ஜிபே பண்ணுங்க" என்பார். அல்லது "நான் போன்பே பண்ணிட்டேன், பாருங்க" என்று தன் போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு ரொக்கம் கேட்பார். அவர் போனில் இருப்பது நமக்குச் சாட்சி இல்லை. நம் கணக்கில் வந்திருக்க வேண்டும். இன்னொன்று, பணம் வருவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. யாராவது போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏ.டி.எம். வாசலில் உதவி செய்கிறேன் என்று வருகிறவரிடம் கார்டைக் கொடுக்கவே கூடாது. திரும்பி வருவது நம் கார்டாக இருக்காது. இப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சரி, எப்படி மறுப்பது? ஒரே ஒரு வாக்கியம் போதும். "இல்லப்பா, முடியாது." பெண்ணாக இருந்தால், "இல்லம்மா, முடியாது." குரலை உயர்த்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். நடந்துகொண்டே சொல்லுங்கள். காரணம் மட்டும் சொல்லாதீர்கள். "சில்லறை இல்லை" என்றால் "நான் தரேன்" என்பார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றால் கூடவே நடந்து வருவார். காரணம் சொன்னால் பேச்சு வளரும். இரண்டாம் தடவை கேட்டாலும் அதே வாக்கியம். மூன்றாம் தடவை பதிலே வேண்டாம், நேராகப் பக்கத்துக் கடைக்குள் போய்விடுங்கள்.

திட்டவும் வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிடேன்" என்று நாம் ஆரம்பித்தால்தான் சண்டை வருகிறது. நம்மில் சிலர் கோட்டை வாசலில் வெள்ளரிக்காயும் மோரும் விற்கிறோம். வருகிறவர் எல்லாரும் வாங்குவதில்லை. "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் மேல் நமக்கு வருத்தம் இல்லை. மூஞ்சியைச் சுளித்துவிட்டுப் போகிறவர்தான் ராத்திரி வரை மனசில் நிற்பார். நமக்கு எப்படிச் சொன்னால் வலிக்காதோ அப்படியே நாமும் சொல்வோம்.

திருநங்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் நம் தமிழ்நாட்டில்தான் அவர்களுக்கென்று முதன்முதலாக நலவாரியம் அமைந்தது. அவர்களும் சுய உதவிக் குழு நடத்துகிறார்கள், தொழில் செய்கிறார்கள். யாரோ ஒருவர் பஸ்ஸில் வற்புறுத்தினார் என்று எல்லாரையும் பழிக்கக் கூடாது. அவர்களுக்கும் அதே வாக்கியம், அதே மரியாதை.

ஆனால் வழியை மறித்தால், சுற்றி வளைத்தால், கையைப் பிடித்தால் அது பிச்சை இல்லை. அப்போது மரியாதை பார்க்கக் கூடாது, சத்தம் போடுங்கள். பொதுவாக "காப்பாத்துங்க" என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவர் போவார் என்று நிற்பார்கள். ஒரு ஆளைக் குறிவைத்துக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை அண்ணே, இங்க வாங்க, இந்த ஆள் என்னை விட மாட்டேங்கறான்!" அவர் கட்டாயம் திரும்புவார். 112 போலீசுக்கு, 181 பெண்கள் உதவிக்கு. இரண்டையும் இன்றே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவின்படி குற்றம். 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெறுமனே கை நீட்டும் ஏழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிச்சை எடுப்பதை முழுவதும் தடை செய்யக் கேட்ட வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமே, வறுமைதான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது என்று சொல்லி மறுத்துவிட்டது.

கத்தியைக் காட்டினால்? பையைக் கொடுத்துவிடுங்கள். ஆமாம், குழுப் பணமாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள். 20,400 ரூபாயை நாம் திரும்பச் சேர்த்துவிடலாம், உங்களைச் சேர்க்க முடியாது. வண்டி எண், சட்டை நிறம், போன திசையை மனதில் வைத்து அன்றே புகார் கொடுங்கள். "பணத்தை விட்டுட்டு வந்துட்டாளே" என்று குழுவில் ஒருத்தி கூடப் பேசக் கூடாது. பேசினால் அடுத்த முறை ஒருத்தி பணத்துக்காக உயிரைக் கொடுத்துவிடுவாள்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் உறுப்பினர் ஒருவர் தவணை கட்ட வந்த அன்று கைக்குழந்தையோடு ஒரு பெண் விடாமல் காசு கேட்டிருக்கிறாள். இவர் பையைத் திறக்கவே இல்லை. பணத்தைப் பத்திரமாகக் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். ஆனால் அடுத்த கூட்டத்தில் சொன்னார்: "சரியாத்தான் செஞ்சேன். ஆனா அந்தப் புள்ளை முகம் ராத்திரி எல்லாம் தூங்க விடலை." நம் எல்லாருக்கும் இது வரும். வர வேண்டும், வராவிட்டால்தான் தப்பு.

அந்த உறுத்தலுக்கு வழி, உதவியை நடுரோட்டிலிருந்து எடுத்து நம் கூட்டத்துக்குள் கொண்டுவருவதுதான். தெருவில் குழந்தையை வைத்துப் பிச்சை எடுப்பதைப் பார்த்தால் 1098-க்குச் சொல்லுங்கள். குழந்தையைப் பிச்சைக்கு விடுவது இளஞ்சிறார் சட்டத்தில் குற்றம். நாம் போடும் பத்து ரூபாய் அந்தக் குழந்தையை நாளைக்கும் அதே வெயிலில்தான் உட்கார வைக்கும். ஆதரவில்லாத முதியவரைப் பார்த்தால் 14567 இருக்கிறது. நம் ஊரிலேயே கையேந்தும் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று கேளுங்கள். 2023 ஆகஸ்டில் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆதார் இல்லை, கூடப் போக ஆள் இல்லை என்று எத்தனை பேர் அதை வாங்காமல் இருக்கிறார்கள்! ஒரு நாள் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் எழுதிக் கொடுத்தால், அது நாம் ஆயுசு முழுக்கப் போடும் சில்லறையைவிடப் பெரிய தர்மம்.

அதனால் எல்லாக் குழுக்களும் தீர்மானப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, குழுப் பணத்தோடு யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேர் போக வேண்டும். பணம் கட்டும் சீட்டை ஊரிலேயே எழுதிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வங்கிக்குப் போக வேண்டும். இரண்டு, தர்மம் செய்ய நினைப்பவர் சில்லறையைத் தனிச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குழுப் பணம் இருக்கும் பை வங்கி மேசையில்தான் திறக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு ஒருவருக்காவது உதவித்தொகை வாங்கித் தர வேண்டும்.

இப்போது எல்லாரும் ஒரு தடவை சேர்ந்து சொல்லிப் பார்ப்போமா? கூச்சப்படாதீங்க, இங்கே சொன்னால்தான் அங்கே வாயில் வரும். பின்வரிசை அக்கா, நீங்களும் சொல்லுங்க.

"இல்லப்பா, முடியாது."

சத்தம் பத்தலை, இன்னொரு தடவை சொல்லுங்க.