இழையம் இங்கிருந்துதான் போகவேண்டும்

 

ஒரு நோயாளியின் புற்றுக்கட்டியிலிருந்து கடுகளவு துண்டை எடுத்து, அதை ஆய்வுகூடத்தில் உயிரோடு வளர்த்து, மருந்துகளை முதலில் அதன்மேல் சோதித்துப் பார்க்கும் முறையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அப்படி வளரும் முப்பரிமாணக் கலத்திரளுக்கு ஓர்கனொயிட் என்று பெயர். இதைக் கொழும்பிலோ பேராதனையிலோ பேசாமல் மன்னாரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்ற நான்கும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர் தூக்கத்தை விரட்ட வாயில் அடக்கிக்கொள்ளும் வெற்றிலைக் கூறு கன்னத்தின் உட்புறத்தில் எத்தனை மணித்தியாலம் கிடக்கிறது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அறிவியலைச் சொல்லிவிடுகிறேன். 1951 இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து எடுத்த கலங்கள் கண்ணாடிக் கிண்ணத்தில் வளரத் தொடங்கிய நாள் முதல், புற்றுநோய் ஆய்வின் பெரும்பகுதி தட்டையாகப் படர்ந்த கலங்களை நம்பியே நடந்துவந்தது. பல்லாண்டுகள் கிண்ணத்தில் வாழ்ந்த கலங்கள் தாம் பிறந்த கட்டியின் இயல்பைப் பெரிதும் இழந்துவிடுகின்றன. 2009 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுகூடத்தில் டொஷிரோ சாட்டோ வேறொரு வழியைத் திறந்தார். எலியின் குடலிலிருந்து எடுத்த ஒரேயொரு குருத்துக் கலம், தக்க வளர்ச்சிக் காரணிகளும் மட்ரிஜெல் என்ற கூழ்மமும் கிடைத்தபோது, குடலின் மடிப்புகளையும் கலவகைகளையும் தானாகவே கட்டியெழுப்பியது. 2011 அளவில் மனிதக் குடலுக்கும் குடற்புற்றுக்கும் அதே முறை கைகூடியது. 2015 இல் இருபது நோயாளிகளின் குடற்புற்றுக் கட்டிகளை உயிரோடு சேமித்த வங்கியொன்று உருவானது.

நமக்கு நெருக்கமான செய்தி 2019 இல் வந்தது. அதே உட்ரெக்டில், தலை, கழுத்துப் புற்றுகளிலிருந்து 31 ஓர்கனொயிட் வரிசைகளை வளர்த்தார்கள். முயன்றவற்றில் ஏறத்தாழ அறுபது வீதம் வளர்ந்தன. சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் கதிர்வீச்சையும் அவற்றின்மேல் சோதித்தபோது, ஒவ்வொரு நோயாளியின் கட்டியும் வேறு வேறு விதமாக எதிர்வினை காட்டியது. ஒருவருடைய கட்டி கதிருக்கு இளகும், அடுத்தவருடையது அசையாது. நம் வைத்தியசாலைகளில் இருவருக்கும் ஒரே சிகிச்சையைத்தான் கொடுக்கிறோம். யாருக்குப் பலித்தது என்பது மாதங்கள் கழிந்த பின்னரே தெரிகிறது. அந்த மாதங்களை நோயாளி திரும்பப் பெறுவதில்லை.

ஆனால் அந்த 31 இல் நம்முடைய நோய் எவ்வளவு இருக்கிறது? மேற்கு நாடுகளின் தலை, கழுத்துப் புற்று பெரும்பாலும் மதுவினாலும் சிகரெட்டினாலும், தொண்டைப் பகுதியில் பாப்பிலோமா வைரஸினாலும் வருவது. நம்முடையது கன்னத்திலும் ஈறோரத்திலும் வருவது. இந்திய ஆய்வாளர்கள் இந்தக் கன்ன, ஈறுப் புற்றின் மரபணுக்களைத் தனியாகப் படித்து 2013 இல் வெளியிட்டபோது, தலை, கழுத்துப் புற்றில் அதற்குமுன் அறியப்படாத சில மரபணு மாற்றங்கள் அதில் அடிக்கடி வருவதைக் கண்டார்கள். வெற்றிலை போடுகிறவரின் கட்டியை வளர்க்காத ஒரு வங்கி, வெற்றிலை போடுகிறவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்று சொல்லாது. இன்று நான் சொல்லவந்தது இதுதான்: இழையம் இங்கிருந்துதான் போகவேண்டும்.

இந்த நோயைப் பற்றிய அறிவின் பழைய ஏடுகளும் நம் கடலுக்கு அருகில்தான் எழுதப்பட்டன. தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் வைத்தியசாலையிலிருந்து பென்டால் என்ற மருத்துவர் 1,700 புற்றுநோயாளிகளின் தொகுப்பை 1908 இல் வெளியிட்டார். 1933 இல் அதே நெய்யூரிலிருந்து ஓர் (Orr) என்பவர் வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்றைப் பற்றி எழுதினார். அந்தத் திருவிதாங்கூருக்குத் தலைமுறை தலைமுறையாகப் புகையிலை அனுப்பியது யாழ்ப்பாணம். வாணிபத்தில் நாம் அதன் பங்காளிகள். ஆய்வில் பங்காளிகளாவதற்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறோம்.

இந்த முறையை ஆர்வத்தோடு பேசும் அதே வாயால் அதன் எல்லையையும் சொல்லவேண்டியது இந்தக் கூட்டத்தின் தலைவர் என்ற முறையில் என் கடமை. ஓர்கனொயிட்டில் குருதிக் குழாய் இல்லை. நோயெதிர்ப்புக் கலங்களைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. 2018 இல் இலண்டன் குழுவொன்று 71 நோயாளிகளின் சமிபாட்டுத் தொகுதிப் புற்றுகளை ஆராய்ந்தது. ஓர்கனொயிட் 'இந்த மருந்து வேலை செய்யாது' என்று காட்டிய இடங்களில் எல்லாம் நோயாளியிடமும் அது வேலை செய்யவில்லை. 'வேலை செய்யும்' என்று காட்டிய இடங்களில் 88 வீதம் சரியாக வந்தது. அடுத்த ஆண்டே நெதர்லாந்திலிருந்து மறுபக்கமும் வெளிப்பட்டது. இரினோடெகான் என்ற மருந்துக்கு ஓர்கனொயிட் சரியாக முன்னறிவித்தது. 5-புளூரோயுராசிலும் ஒக்சலிபிளாட்டினும் சேர்ந்த சிகிச்சைக்கு முன்னறிவிக்கவில்லை. 2021 இல் வெளியான இன்னொரு பரீட்சார்த்தத்தில், ஓர்கனொயிட் காட்டிய வழியில் மருந்து பெற்ற ஆறு பேரில் ஒருவருடைய கட்டியும் எதிர்பார்த்தபடி சுருங்கவில்லை. ஆகவே, 'உங்கள் தகப்பனின் கட்டியை வளர்த்துப் பார்த்துச் சரியான மருந்தைச் சொல்கிறோம்' என்று காசு கேட்டு யாராவது வந்தால், இன்றைக்கு அதை நம்பவேண்டாம் என்று உங்கள் அயலவருக்குச் சொல்லுங்கள். இது இப்போதைக்கு ஆய்வு.

பெங்களூரில் மித்ரா பயோடெக் குழுவினர் 2015 இல் காட்டிய வழியையும் இளம் ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டும். அவர்கள் கட்டியைக் கலங்களாகப் பிரித்து வளர்க்கவில்லை. மெல்லிய துண்டாகவே வைத்து, நோயாளியின் சொந்தக் குருதிச் சீரத்தையும் சேர்த்துச் சில நாட்களில் மருந்தின் விளைவைப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்று அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு நோய்களில் ஒன்று. வாரக்கணக்கில் காத்திருக்க முடியாத நோயாளிகளைக் கொண்ட நமக்கு அந்தப் பாதை கூடப் பொருந்தலாம்.

மன்னார் என்ன செய்யவேண்டும்? இங்கே இப்போது ஆய்வுகூடம் கட்டவேண்டாம். வளர்ச்சிக் காரணிகளின் விலையும் ஆளணியும் மாவட்ட வைத்தியசாலையொன்றுக்குத் தாங்காது. இங்கே வேண்டியது ஒழுங்கான ஒரு சங்கிலி. குடும்பநல உத்தியோகத்தர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ கண்டால் பல் வைத்தியரிடம் அனுப்புகிறார். சத்திரசிகிச்சையில் நோயறிதலுக்குத் தேவையான பகுதி போக, மிஞ்சும் துண்டு நுண்ணுயிர்க்கொல்லி கலந்த திரவத்தில், குளிரில், உறையாமல், ஒரு நாளுக்குள் பேராதனைக்கோ கொழும்புக்கோ போகிறது. மன்னார் நண்டை ஐஸ் பெட்டியில் இரவோடிரவாகக் கொழும்புக்கு அனுப்பத் தெரிந்த ஊருக்கு இந்த வேலை அந்நியமானதல்ல.

சங்கிலியின் முதற் கண்ணிதான் அதிக உயிர்களைக் காக்கும் என்பதை ஓர்கனொயிட் ஆய்வாளர்கள் மறக்கலாகாது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வாயைப் பார்த்துச் சோதித்ததனால், புகையிலையோ மதுவோ பாவிப்போரிடையே வாய்ப் புற்று மரணம் 34 வீதம் குறைந்ததைத் திருவனந்தபுரத்து ஆய்வு 2005 இல் நிறுவியது. அதே வழியை இலங்கையில் சமன் வர்ணகுலசூரிய குழுவினர் 1984 இலேயே எழுதிவைத்தார்கள்.

இழையத்தோடு ஏடும் போகவேண்டும். 1990 ஒக்ரோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, பின்னர் பகுதி பகுதியாகத் திரும்பியிருக்கின்றன. தகப்பனின் சிகிச்சைப் பதிவு அங்கேயும் மகனுடையது இங்கேயும் கிடக்கலாம். புற்றுநோய்க் கிளினிக் ஒருவருக்குத் தெல்லிப்பழை, இன்னொருவருக்கு மகரகம. சிகிச்சையின் முடிவு தெரியாத கட்டியை வளர்த்துப் பயனில்லை. கிண்ணத்தில் கண்டதை எதனோடு ஒப்பிடுவது?

கடைசியாக, சம்மதம். ஹென்ரியெட்டா லக்ஸிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகும் அவருடைய கலங்கள் உலகமெங்கும் விற்கப்பட்டன. நம் மக்கள் கேட்கப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். என் உடம்பின் துண்டு நான் மௌத்தான பிறகும் வேறொரு நாட்டுக் குளிர்பெட்டியில் உயிரோடு இருக்குமா? அதை அடக்கம் செய்யவேண்டாமா? அதிலிருந்து மருந்து கண்டுபிடித்தால் அந்த மருந்து என் பிள்ளைக்குக் கிடைக்குமா? நடுவில் மனம் மாறினால் அழித்துவிடுவார்களா? இவற்றுக்கு விடை சொல்லாமல் கையெழுத்து வாங்குவது களவு. மௌலவியையும் பங்குத்தந்தையையும் முன்வரிசையில் அமர்த்தியிருப்பது அதற்காகவே. நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புமுன் சம்மதப் படிவத்தின் தமிழ் வரைவை இந்த மண்டபத்தில் உரக்க வாசிப்போம். விளங்காத இடத்தில் கை உயர்த்துங்கள். அந்த வசனத்தை அங்கேயே மாற்றுவோம். முதல் அமர்வை அந்த வாசிப்போடு தொடக்கி வைக்கிறேன்.