பெரிய கார், நம் கேட்டுக்குள்: எஸ்.யு.வி. வைத்திருப்போரின் அனுபவங்கள்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம்ம வளாகத்துல எஸ்.யு.வி. கூடிக்கிட்டே போகுது. வச்சிருக்கிறவங்ககிட்ட பேசிப் பத்து நிமிஷத்துல சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மாலை நடையின்போதும் பார்க்கிங்கிலும் பலரிடம் பேசினேன். எல்லோரும் மனம்விட்டுச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி.

இந்தக் காரை வாங்குங்கள் என்றோ, வேண்டாம் என்றோ சொல்வது என் வேலையல்ல. ஆனால் எல்லோரிடமும் பேசியபின் ஒன்று தெளிவானது. ஷோரூமில் நிற்கும்போது நாம் திருச்சி நெடுஞ்சாலையை நினைத்துக்கொண்டு காரைத் தேர்வு செய்கிறோம். வாங்கியபின் அது அதிக நேரம் நிற்பதும் திரும்புவதும் நம் கேட்டுக்குள்தான். வாங்கும்போதும் சரி, ஓட்டும்போதும் சரி, நம் கேட்டுக்குள் இருக்கும் அந்த நூறு மீட்டரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கார்?

நடுத்தர எஸ்.யு.வி. என்று நான் சொல்வது 4.2 முதல் 4.5 மீட்டர் நீளமுள்ள ஐந்து இருக்கை வண்டிகளை. கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் கிரெட்டா நமக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை. 2015 ஜூலையில் வெளிவந்தது, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது.

மகிழ்ச்சியாகச் சொன்னவை

எல்லோரும் முதலில் சொன்னது இருக்கையின் உயரம். முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவை வைத்திருக்கும் வீடுகளில் இதுதான் பெரிய காரணம். தாழ்வான காரில் குனிந்து, சரிந்து, கையைப் பிடித்து இறக்க வேண்டும். இதில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து எழுகிறார்கள். "எங்க அம்மா மறுபடியும் கோயிலுக்குக் கிளம்ப ஆரம்பிச்சாங்க" என்று ஒரு சகோதரி சொன்னார். இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை. ஆனால் சில வண்டிகளில் வாசற்படி மிக உயரமாக இருக்கிறது. குள்ளமான பெரியவர்களுக்கு அதுவே தொல்லை. வாங்குமுன் அவர்களையும் ஷோரூமுக்கு அழைத்துப்போய் நாலு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, அடி தட்டாத நிம்மதி. கிரெட்டாவின் தரை இடைவெளி 190 மி.மீ., எலிவேட்டுக்கு 220. நம் தெருவின் ஸ்பீடு பிரேக்கரும், மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளமும் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மூன்றாவது, ஊர்ப் பயணம். நான்கு பேர், இரண்டு பெட்டி, திரும்பும்போது ஒரு மூட்டை அரிசி, தேங்காய் என்றால் தாராளம். பின்னால் மூன்று பெரியவர்கள் என்றால் கதை வேறு. நடுவில் இருப்பவர் விழுப்புரம் தாண்டுவதற்குள் "டீ குடிக்கலாமா?" என்று கேட்டுவிடுவார். நடுவில் இருப்பவரும் சீட் பெல்ட் போட வேண்டும். பின் இருக்கைக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

பணக் கணக்கு

மைலேஜ் பற்றிக் கேட்டால் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் பெட்ரோல் வண்டி, நகருக்குள் லிட்டருக்கு 9 முதல் 11 கி.மீ. என்கிறார்கள். நெடுஞ்சாலையில் 15 தொடுகிறது. ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் மட்டும் நகருக்குள் 20க்கு மேல் சொன்னார்கள். நெரிசலில் பேட்டரியே பாதி நேரம் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் விளம்பரத்தில் வரும் 27.97 என்பது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. இன்னொன்றும் உண்டு. கிராண்ட் விட்டாராவில் சாதாரண மாடலின் டிக்கி 373 லிட்டர், ஹைப்ரிடில் 265 லிட்டர்தான். அந்த இடத்தைப் பேட்டரி எடுத்துக்கொள்கிறது. ஊர் மூட்டையைத் தூக்கி வருகிறவர்கள் கவனிக்கவும்.

டீசல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக, வண்டி நல்ல சூட்டில் சீரான வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கி.மீ., பள்ளியிலிருந்து வீட்டுக்கு இரண்டு கி.மீ. என்றே ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது வெளிவட்டச் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கே டீசல் ஒத்துவரும்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நாம் பேசும் அளவுள்ள பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40 சதவீதம். அதன் மேல் சாலை வரி, காப்பீடு. டயரும் பெரியது, மாற்றும்போது பில்லும் பெரியது. மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிறுத்துமிடம்

இனி நம் சங்கத்துக்கு அதிகப் புகார் வரும் விஷயம். தமிழ்நாட்டின் கட்டட விதிகள் ஒரு காருக்குச் சொல்லும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். நீளத்தில் சிக்கல் இல்லை, அகலத்தில்தான். வேகன்ஆர் 1620 மி.மீ. அகலம். இரண்டு வேகன்ஆர் பக்கத்தில் பக்கத்தில் நடுக்கோட்டில் நின்றால் இடையில் 88 செ.மீ. இருக்கும். கிரெட்டா 1790 மி.மீ. இரண்டு கிரெட்டா நின்றால் 71 செ.மீ. இதில் கண்ணாடிகளின் நீட்டலைச் சேர்க்கவில்லை. பக்கத்தில் தூண் இருந்தால் இன்னும் குறையும்.

அண்டை வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போவதற்கு இந்த 17 செ.மீ.தான் காரணம், வேறொன்றும் இல்லை. யாரும் வேண்டுமென்று இடிக்கவில்லை. கதவைத் திறந்து மனிதன் இறங்க இடம் போதவில்லை. ஆகவே முன்பதிவு செய்யுமுன் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் இடத்தை அளந்து பாருங்கள். வாங்கியபின், கோட்டுக்கு நடுவே நிறுத்தி, கண்ணாடியை மடக்கி, பெரியவர்களையும் பிள்ளைகளையும் வண்டியை உள்ளே விடுமுன்பே இறக்கிவிடுங்கள். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மழைக்காலம்

ஐப்பசி நெருங்குகிறது. 2015 டிசம்பரும், 2023 டிசம்பரின் மிக்ஜாமும் யாருக்கும் மறக்கவில்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியதைப் பார்த்தோம். வண்டி உயரம் என்பதால் தண்ணீரில் இறக்கலாம் என்ற தைரியம் வேண்டாம். காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் நுழைந்தால் உயரமான வண்டியும் நின்றுவிடும். பேஸ்மென்டில் மூழ்கிய வண்டியை "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜின் முழுதாகப் போவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். சாதாரண முழுக் காப்பீட்டில் பொதுவாக இந்தச் சேதம் அடங்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

குழந்தைகள்

இதுவரை சொன்னதெல்லாம் பணம், சௌகரியம். இனிச் சொல்வதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள்.

ஆடி மாதம் பி பிளாக் வாசலில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் நசுங்கியது பலருக்குத் தெரியும். குழந்தை பந்தை எடுக்க அப்பால் ஓடியிருந்தது, கடவுள் புண்ணியம். வண்டியை எடுத்தவர் நம்மில் மிக நிதானமானவர். இதை இங்கே சொல்லச் சொன்னவரும் அவர்தான். பின்பக்கக் கேமராவைப் பார்த்தார், சென்சாரும் சத்தமிடவில்லை. சைக்கிள் இருந்தது முன்னால், பானெட்டுக்குக் கீழே.

2019 ஜூலை முதல் விற்பனையாகும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். முன்பக்கத்துக்கு அப்படி விதி இல்லை. முன்புறக் கேமரா விலை கூடிய சில மாடல்களில்தான் வருகிறது. உயரமாக உட்கார்ந்தால் தூரத்தில் உள்ளது நன்றாகத் தெரிகிறது. ஆனால் பானெட் உயர்ந்து நிமிர்ந்திருப்பதால் மூக்குக்குக் கீழே உள்ளது மறைகிறது. "மேலேயிருந்து எல்லாம் தெரியுது" என்ற நம்பிக்கைதான் ஆபத்து.

நம்பாதவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் பிளாஸ்டிக் குடத்தை வையுங்கள். ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையின் உயரம். அதை உங்கள் வண்டியின் முன் பம்பரை ஒட்டி வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைக் குடத்தை மெல்ல மெல்லத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். குடம் எப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதோ, அங்கே நிறுத்தி எத்தனை அடி என்று பாருங்கள். அதற்கு உள்ளே உட்கார்ந்து கல் பொறுக்கும் குழந்தை உங்களுக்குத் தெரியாது.

மூன்று வேண்டுகோள்கள்

ஒன்று: வண்டியில் ஏறுமுன் ஒருமுறை சுற்றி வாருங்கள். பத்து நொடிதான். டயரில் காற்று குறைந்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு: வளாகத்துக்குள் 10 கி.மீ. வேகம் போதும். பிள்ளைகள் விளையாடும் மாலை 5 முதல் 7 வரை, நடைபாதைப் பக்கம் வண்டியை எடுக்காமல் பின்கேட் வழியே போகலாம் என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. ஆதரவு தாருங்கள். சின்னக் கார், டூவீலர், டெலிவரி வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மூன்று: செல்போனிலிருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்து ஏ.சி. போடும் வசதியைப் பேஸ்மென்டில் பயன்படுத்தாதீர்கள். மூடிய இடத்தில் புகை சேரும். ஆளில்லாத வண்டி ஓடிக்கொண்டிருப்பதைக் குழந்தை அறியாது.

பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்: காரின் பின்னால் ஒளிந்து விளையாடக் கூடாது. ஆனால் மூன்று வயதுக் குழந்தை அதை நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பார்த்து எடுக்க வேண்டியது ஸ்டீயரிங் பிடித்திருக்கும் நாம்தான்.

பெற்றவர்களை வசதியாகக் கோயிலுக்கும் ஊருக்கும் அழைத்துப்போக நல்ல வண்டி வாங்கியிருக்கிறீர்கள். அது நீண்ட நாள் உழைக்கட்டும். கேட்டுக்குள் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாருங்கள்.