வீட்டு இணைய இணைப்பு: குடும்பச் செலவும் தேர்வும்

(நுகர்வோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணைய சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதனை அன்று அளித்தது மைய அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம். அளிப்பவர் ஒருவரே என்பதால் தேர்வு என்ற வினாவிற்கு இடமில்லை. பின்னர் தனியாருக்கும் உரிமங்கள் வழங்கப்பட்டன. நாடு முழுவதும் சேவை செய்வோர், ஒரு மாநில அளவில் செய்வோர், ஒரு மாவட்ட அளவில் மட்டும் செய்வோர் என மூவகையினர் இன்று இத்துறையில் இயங்கி வருகின்றனர். இவர்களின் சார்பில் தெருத்தோறும் இணைப்புத் தரும் கேபிள் தொழிலாளரும் உளர்.

வேகமும் இதே அளவில் வளர்ந்துள்ளது. 2004ஆம் ஆண்டின் அகன்ற அலைவரிசைக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகமுள்ள இணைப்பையே அகன்ற அலைவரிசை என ஏற்றுக்கொண்டது. 2013இல் இந்த வரம்பு 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. இன்று விளம்பரங்களில் காணப்படும் மிகச் சாதாரணத் திட்டமே 30 அல்லது 40 மெகாபிட் வேகம் தருவதாகக் கூறுகிறது.

ஆயினும் கைப்பேசி வேறு, வீட்டு இணைப்பு வேறு. 2017-18ஆம் ஆண்டில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் 23.8 சதவீதமே இணைய வசதி பெற்றிருந்தன. 2025இன் தொடக்கத்தில் நடந்த ஆய்வில் இது 86.3 சதவீதமாக உயர்ந்துள்ளது. இவ்வுயர்வின் பெரும்பகுதி கைப்பேசியால் விளைந்தது. கம்பி அல்லது இழை வழியாக வரும் இணைப்புகள், அலுவலகங்களையும் கடைகளையும் சேர்த்தே, 4 கோடியைச் சற்று மிஞ்சும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே நாட்டில் சுமார் 25 கோடிக் குடும்பங்கள் இருந்தன.

இதன் விளைவு குடும்பத்திற்குள் தெரிகிறது. வீட்டில் உள்ள நல்ல கைப்பேசி பெரும்பாலும் சம்பாதிப்பவரிடம் இருக்கிறது. அவர் காலையில் வேலைக்குப் புறப்படும்போது இணையமும் அவருடன் புறப்பட்டுவிடுகிறது. கல்லூரிப் படிவத்தை நிரப்ப வேண்டிய மகளும், பாடத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய மகனும் மாலைவரை காத்திருக்கின்றனர். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தக் குறை எத்துணைப் பெரிது என்பதை நாடு கண்டது. ஆகவே வீட்டு இணைப்பு என்பது பொழுதுபோக்குச் செலவு மட்டுமன்று. கல்விச் செலவின் ஒரு பகுதியுமாகும். வரையறுத்த வருவாயுள்ள குடும்பம் ஆண்டுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாயை இதற்கு ஒதுக்கும்போது அது வீண்போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

பொருளியல் நோக்கில், இச்சந்தையில் விற்பவருக்கு எல்லாம் தெரியும். வாங்குபவருக்குத் தெரிவது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட மாதக் கட்டணம் ஒன்றே. அந்த ஒரே எண்ணைக் கொண்டு முடிவு செய்யும் குடும்பம் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறது. தேவை எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் ஆகும் மொத்தச் செலவு என்ன, பழுது நேர்ந்தால் வருபவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே மலிவானது எது எனக் கூற இயலும்.

தேவையை அளத்தல்

ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சிறுகடை நடத்தும் தந்தை, தையல் வேலை செய்யும் தாய், கல்லூரியில் ஒரு மகள், பள்ளியில் ஒரு மகன், தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் பாட்டி. ஐவரும் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்தும் வேளையே இரவு எட்டு மணி போன்ற உச்ச வேளை. காணொலி வகுப்பு ஒன்றிற்குச் சுமார் 3 மெகாபிட், தெளிவான தொலைக்காட்சிப் படத்திற்கு 5 மெகாபிட், கைப்பேசி ஒவ்வொன்றிற்கும் 3 மெகாபிட் எனக் கொண்டால், இரு வகுப்புகள், ஒரு தொலைக்காட்சி, இரு கைப்பேசிகள் ஆகியவற்றிற்குச் சேர்த்து 17 மெகாபிட் போதும். 30 மெகாபிட் இணைப்பு இக்குடும்பத்திற்குத் தாராளமாகப் போதுமானது. 100 மெகாபிட்டுக்குக் கூடுதல் பணம் தருவது, பயன்படாத ஓர் அறைக்கு வாடகை தருவதை ஒக்கும்.

இங்கு ஒரு சொற்குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவோ பைட் கணக்கில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட்டே இறங்கும். 3 ஜிகாபைட் அளவுள்ள திரைப்படத்தை அவ்விணைப்பு நான்கு நிமிடத்திலும், 30 மெகாபிட் இணைப்பு சுமார் பதின்மூன்று நிமிடத்திலும் இறக்கும். ஓடும்போதே பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

அடுத்தது மாத அளவு. 'வரம்பற்றது' என விளம்பரப்படுத்தப்படும் திட்டங்களுக்கும் ஓர் அளவு உண்டு. அதனைக் கடந்ததும் வேகம் பெரிதும் குறைக்கப்படும். மேற்கூறிய குடும்பம் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தால் 9 ஜிகாபைட் ஆகும். வகுப்புகளும் கைப்பேசிகளும் சேர்ந்து மேலும் 7 ஜிகாபைட் எடுத்துக்கொள்ளும். மாதத்திற்கு 480 ஜிகாபைட். ஆயிரம் ஜிகாபைட் வரம்புள்ள திட்டம் இதற்குப் போதும். 3,300 ஜிகாபைட் என்ற பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

மொத்தச் செலவு

விளம்பரத்தில் காணும் கட்டணத்தில் பெரும்பாலும் வரி சேர்க்கப்படுவதில்லை. தொலைத்தொடர்பு சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம். இத்துடன் இணைப்புக் கட்டணம், ரௌட்டர் என்னும் வைஃபை பெட்டியின் விலை அல்லது வாடகை, பாதுகாப்பு வைப்புத்தொகை ஆகியனவும் சேரும்.

இரு திட்டங்களை ஒப்பிடலாம். முதலாவதன் மாதக் கட்டணம் 399 ரூபாய். ஆனால் இணைப்புக்கும் பெட்டிக்குமாக வரி உட்பட 2,000 ரூபாய் தொடக்கத்தில் செலுத்த வேண்டும். இரண்டாவதன் மாதக் கட்டணம் 499 ரூபாய். தொடக்கச் செலவு ஏதுமில்லை. வரியுடன் கணக்கிட்டால் முதலாவதற்கு முதல் ஆண்டில் ஆகும் செலவு சுமார் 7,650 ரூபாய். இரண்டாவதற்கு 7,066 ரூபாய். மாதக் கட்டணம் நூறு ரூபாய் அதிகமாக உள்ள திட்டமே முதல் ஆண்டில் 584 ரூபாய் மலிவு.

இரண்டாம் ஆண்டில் நிலைமை மாறுகிறது. முதல் திட்டத்தின் செலவு 5,650 ரூபாயாகக் குறைய, இரண்டாவதன் செலவு மாறாமல் நிற்கிறது. இரண்டின் மொத்தச் செலவும் சமமாவது ஏறத்தாழ பதினேழாவது மாதத்தில். எனவே சொந்த வீட்டில் வாழும் குடும்பத்திற்கு முதல் திட்டமும், இடமாற்றத்திற்கு உட்பட்ட ஊழியருக்கும் வாடகை வீட்டில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாழ்வோருக்கும் இரண்டாவது திட்டமும் ஏற்றவை.

ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகச் செலுத்தினால் ஒன்றிரண்டு மாதம் இலவசம் என்ற சலுகையையும் இதே கண்கொண்டு நோக்க வேண்டும். சேவை நன்று எனத் தெரிந்த பின் அது இலாபமே. தெரியும் முன்னர் செலுத்தினால், குடும்பம் தன் கையிலிருந்த ஒரே பிடியை விட்டுவிடுகிறது. கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 முதல் நாடெங்கும் உள்ளது. வீட்டு இணைப்பை மாற்றுவதென்றாலோ புதிய இழை, புதிய பெட்டி, புதிய கட்டணம் என எல்லாமே மீண்டும் தொடங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மாதாந்திரக் கட்டணமும், நிறைவு ஏற்பட்ட பின் நீண்ட காலத் திட்டமும் என்பதே அறிவுடைய வரிசை.

கைப்பேசிச் செலவைக் குறைத்தல்

வீட்டு இணைப்பின் செலவைத் தனியே நோக்குவதும் பிழையாகும். பல கைப்பேசித் திட்டங்களின் காலம் 28 நாட்கள். ஆகவே ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை பணம் செலுத்தப்படுகிறது. நான்கு கைப்பேசிகள் உள்ள வீட்டில் இது ஐம்பத்திரண்டு முறை. வீட்டில் வைஃபை வந்த பின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் நாள்தோறும் 2 ஜிகாபைட் தேவைப்படாது. வெளியே செல்பவருக்கு மட்டும் அதனை வைத்துக்கொண்டு, ஏனையோருக்குச் சிறிய திட்டம் போதுமா எனப் பார்க்கலாம். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதித்துள்ளது. வீட்டோடு இருக்கும் பாட்டியின் கைப்பேசிக்கு அது ஏற்றது. இவ்வாறு மிச்சமாகும் தொகை வீட்டு இணைப்பின் கட்டணத்தில் ஒரு பகுதியை ஈடு செய்யும்.

இணைப்பின் வகையும் வழங்குபவரும்

பழைய செம்புக் கம்பியில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். கண்ணாடி இழையில் ஒளியே செய்தியைச் சுமந்து வருவதால் அக்குறை ஊரளவுத் தூரத்தில் உணரப்படுவதில்லை. இழை கிடைக்கும் இடத்தில் அதுவே முதல் தேர்வாதல் வேண்டும். இழை வராத இடங்களுக்கு ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றை வழியே கூரையில் ஏற்பி பொருத்தித் தரும் சேவை 2023 முதல் கிடைக்கிறது. கோபுரத்தின் தொலைவும், அதே கோபுரத்தைப் பயன்படுத்துவோர் தொகையும் அதன் வேகத்தை நிர்ணயிக்கும்.

பெரிய நிறுவனமா, உள்ளூர் கேபிள்காரரா என்பது அடுத்த வினா. பெரிய நிறுவனத்திடம் இழையின் வலிமை உண்டு. ஆனால் புகார் தொலைதூர அழைப்பு மையத்திற்குச் செல்லும். உள்ளூர்க்காரர் தெருவிலேயே இருப்பதால் அறுந்த இழையை அன்றே ஒட்டிவிடக்கூடும். ஆனால் அவர் மொத்தமாக வாங்கும் கொள்ளளவை அதிக வீடுகளுக்குப் பகிர்ந்தால் மாலையில் வேகம் தளரும். விளம்பரத்தைவிட அண்டை வீட்டாரின் அனுபவமே இதில் நல்ல சான்று. அதே தெருவில் அதே நிறுவனத்தின் இணைப்புள்ள இரு வீடுகளில், இரவு எட்டு மணி முதல் பத்து மணிக்குள் வேகத்தை அளந்து பார்ப்பது நலம். டிராய் வெளியிட்டுள்ள மைஸ்பீட் செயலி இதற்கு உதவும்.

இணைப்பு வந்த பின்னும் வேகம் குறைந்தால் உடனே நிறுவனத்தைக் குறை கூற வேண்டியதில்லை. தடித்த சுவர்களைக் கடக்கும்போது வைஃபை அலை வலுவிழக்கிறது. பெட்டியை அலமாரிக்குள் வைக்காது, வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தாலே பல புகார்கள் தீரும். மின்தடையின்போது பெட்டி நின்றுவிடும். இன்வெர்ட்டருடன் அதனை இணைப்பது நன்று.

பழுதும் முறையீடும்

மாதத்தில் ஐந்து நாள் இயங்காத இணைப்புக்கு வரியுடன் 471 ரூபாய் செலுத்தும் குடும்பம், உண்மையில் 25 நாட்களுக்கே அப்பணத்தைச் செலுத்துகிறது. அந்த ஐந்து நாட்களில் கைப்பேசிக்கு வாங்கிய கூடுதல் டேட்டாவின் விலையும் அதனுடன் சேர்கிறது. எனவே பழுதைத் தாங்கிக்கொள்வது சிக்கனமன்று.

2012ஆம் ஆண்டின் குறைதீர் விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தரப்பட வேண்டும். அதனைக் கேட்டுக் குறித்துக்கொள்வதே முதற்படி. தீர்வு கிட்டாவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 39 நாட்களுக்குள் அவர் முடிவு கூற வேண்டும். சேவைத் தரம் குறித்து டிராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் அவ்வாண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவை என வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. இவற்றுள் எதனைப் பயன்படுத்தவும் இரசீது, புகார் எண், தேதி ஆகிய மூன்றும் கையில் இருத்தல் வேண்டும்.

பொதுத்துறையின் கடமை

பல கிராமங்களில் தேர்ந்தெடுக்க இரண்டாவது நிறுவனமே இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊராட்சிகளுக்கு இழை கொண்டு செல்லும் திட்டம் 2011இல் ஏற்கப்பட்டு, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. அதன் திருத்திய வடிவத்திற்கு 2023இல் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க மைய அமைச்சரவை இசைந்தது. கேரள அரசு 2023 ஜூன் மாதத்தில் தொடங்கிய கே-ஃபோன் வலைப்பின்னல், ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தரும் நோக்கமுடையது. ஊராட்சி அலுவலகம்வரை வந்த இழை அங்கேயே நின்றுவிடாமல் வீடுகளைச் சென்றடைந்தால்தான் இச்செலவு பயன் தரும். தம் ஊருக்கு இழை வந்துள்ளதா, வீட்டு இணைப்பு எப்போது கிடைக்கும் என்பதைக் கிராமசபைக் கூட்டங்களில் கேட்பது மக்களின் உரிமையாகும்.

குடும்பத்தலைவியும் தலைவரும் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு தாளில் தேவை, ஆண்டுச் செலவு, பழுதுபார்ப்பு என்ற மூன்று தலைப்புகளில் கிடைக்கும் நிறுவனங்களை எழுதிப் பார்த்தால், அரைமணி நேரத்தில் விடை புலப்படும். மாதந்தோறும் நூறு ரூபாய் மிச்சமானால் ஆண்டுக்கு 1,200 ரூபாய். எளிய குடும்பமொன்றில் அது ஒரு பிள்ளையின் பாடப்புத்தகங்களுக்கும் குறிப்பேடுகளுக்கும் ஆகும். பகல் வேளையிலும் வீட்டில் இணையம் இருப்பதோ பிள்ளைகள் எல்லோருக்கும் உதவும்.