ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கோபப்படாதீர்கள்
(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நாங்கள் பேச வந்தது காம்பிராச் சுவரில் இருக்கிற மின்சாரப் பெட்டியைப் பற்றி. மழைக்காலம் வந்தால் நலன்புரி அலுவலகத்துக்கு ஒரே முறைப்பாடுதான். "ஐயா, ட்ரிப் சுவிட்ச் விழுந்துகிட்டே இருக்கு, அதைக் கழற்றி நேரா கரண்ட் குடுக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

பெட்டிக்குள்ளே இரண்டு விதமான காவல்காரர்கள் இருக்கிறார்கள். சிறிய பிரேக்கர்கள் வயரைக் காக்கின்றன. ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காக்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

இதை ஒரு கணக்கில் பார்ப்போம். நமக்கு வருவது 230 வோல்ற் மின்சாரம். கேத்தலில் கரண்ட் கசிந்து, எர்த் வழியாக மண்ணுக்குப் போகிறது. மண்ணோடு சேர்த்து அந்த வழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 ஐ 50 ஆல் பிரித்தால் 4.6 அம்பியர். இதற்கு 6 அம்பியர் பிரேக்கர் கூட விழாது. கேத்தல் கரண்டோடு அப்படியே இருக்கும். ஆனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதாவது ஒரு அம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு கசிந்தாலே, ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆகுமுன் துண்டித்துவிடும். ஆள் பிழைப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். லயத்துக்குத் தகரக் கூரை ஒன்றுதான். உங்கள் வீட்டு வயர் உரிந்து தகரத்தில் பட்டால், கடைசிக் காம்பிராப் பிள்ளை தொடுகிற தகரத்திலும் கரண்ட் இருக்கும். அந்த வீட்டு ட்ரிப் சுவிட்ச் இதைக் காணாது. கசிவது உங்கள் வீட்டுக் கரண்ட். நிறுத்த வேண்டியது உங்கள் சுவிட்ச். அதைக் கழற்றி நேராக வயர் கொடுப்பவர் தன் உயிரோடு லயத்தில் உள்ளவர்கள் உயிரையும் பணயம் வைக்கிறார்.

அப்போ, விழுந்தால் என்ன செய்வது? எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். பிரேக்கர்களை எல்லாம் கீழே போடுங்கள். கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். ட்ரிப் சுவிட்சைத் தூக்குங்கள். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, சாமான்களையும் ஒவ்வொன்றாக மாட்டுங்கள. எதில் விழுகிறதோ அதில்தான் கோளாறு. எல்லாம் கழற்றியும் விழுந்தால் தொடாதீங்க, தகுதியான வயர்மேனைக் கூப்பிடுங்க.

மாதம் ஒரு முறை, சம்பளம் வாங்கின அன்றைக்கே, கரண்ட் இருக்கும்போது ட்ரிப் சுவிட்சிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது காவல் காக்கவில்லை, மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிக்காது. காணு வெட்டும்போது எர்த் வயர் அறுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அறுந்திருந்தால் வயர்மேனிடம் சொல்லுங்கள்.

பெட்டியை ஒழுக்கு விழாத, அடுப்புப் புகை படாத இடத்தில் பூட்டச் சொல்லுங்கள். மூடி இல்லாமல் விடக்கூடாது. பல்லியும் எறும்பும் புகுந்தால் கோளாறு வரும். பெட்டி சூடானாலோ, கருகல் வாசம் வந்தாலோ, உள்ளே இணைப்புத் தளர்ந்திருக்கலாம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 20 அம்பியர் இருந்த இடத்தில் 32 போடாதீர்கள். வயர் எரியும், பிரேக்கர் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் காம்பிராவுக்கு வயர் இழுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று துணிந்து வயரில் கை வைக்காதீர்கள். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் அதற்குத் தெரியாது. யாருக்காவது கரண்ட் அடித்தால், ஆளைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

ஆகவே, இன்று வீட்டுக்குப் போனதும் டெஸ்ட் பொத்தானை ஒரு தரம் அமத்திப் பாருங்கள். விழாத வீட்டுக்காரர்கள் நாளைக்கே எங்களிடம் பெயர் கொடுங்கள். வயர்மேனை அழைத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.