குயிலைப் பாடும் முன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விலங்குலகின் விந்தைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். விந்தை தேடித் தொலைதூரக் காடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் கவியரங்குகளில் மிகுதியாகக் கூவிய பறவை எது என்று கேட்டால், குயில் என்றே எல்லோரும் சொல்வீர்கள். அந்தக் குயிலே இன்று என் பேச்சின் பொருள்.

முதலில் அதன் குரலைப் பார்ப்போம். வேனிற்காலத்தில் மாமரத்தின் இலைச் செறிவிலிருந்து படிப்படியாக மேலேறி ஒலிக்கும் அந்தக் கூவல் ஆண் பறவையுடையது. மின்னும் கருநிறமும் செங்கண்களும் கொண்டது ஆண். பெண்ணோ பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் தெளித்தது. அதன் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று விரையும் கீச்சொலி. ஆயினும் நம் மரபில் பெரும்பாலும் பாடுவது பெண்குயில்தான். பாரதியின் ‘குயில் பாட்டி’லும் பாடுவது பெண்குயிலே. அது கனவாக விரிந்த காவியம்; அதனைப் பறவை நூல் கொண்டு அளப்பது பேதைமை. ஆனால், பெருங்கவிஞனின் கனவை அவனுக்குப் பின்வந்தோர் வாய்பாடாக்கிக் கொள்ளும்போது, மரத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கமே அற்றுப்போகிறது.

குரலில் நேர்ந்த பிழையால் யாருக்கும் தீங்கில்லை. கூடு பற்றிய கதை அப்படியன்று. குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. இதை நம் நாட்டார் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருந்தனர். வடமொழியில் குயிலுக்குப் ‘பரபிருதம்’ என்றே ஒரு பெயர் உண்டு. பிறரால் வளர்க்கப்பட்டது என்பது பொருள். காளிதாசனின் சாகுந்தலத்தில், நினைவிழந்த துஷ்யந்தன் தன் மனைவியையே பொய்யுரைப்பவள் என்று அவையில் பழிக்கிறான். பெண்ணினத்துக்கு வஞ்சனை இயல்பிலேயே அமைந்தது என்பதற்கு அவன் காட்டும் சான்று, தன் குஞ்சுகளைப் பிற பறவைகளிடம் வளரவிடும் குயில்தான். நம் ஊர்களிலும், வளர்ப்புப் பிள்ளை ஒன்றைக் ‘காக்கைக் கூட்டுக் குயில்குஞ்சு’ என்று அதன் காதுபடவே சொல்லும் நாக்குகள் உண்டு. ஒரு பறவையின் இயல்பு மனிதர்மேல் பழியாகச் சுமத்தப்படும்போது, அப்பழிக்கு அடிப்படை உண்டா என்று விசாரிப்பது சொல்லை ஆள்வோரின் கடமையாகிறது.

விசாரித்துப் பார்ப்போம். குயிலின் முட்டை காக்கை முட்டையினும் சிறியது. எனினும் நிறத்திலும் புள்ளியிலும் அதனை ஒத்தது. காக்கை முட்டை பொரிய ஏறத்தாழ 16 முதல் 20 நாள் ஆகும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். முந்திப் பிறந்த குஞ்சு முந்தி வாய் திறக்கிறது. நம் நாட்டுக் குயில்குஞ்சு காக்கைக் குஞ்சுகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளுவதில்லை. அவற்றோடு ஒரே கூட்டில் வளர்வதும் உண்டு.

ஐரோப்பியக் குயிலின் கதை கொடியது. பின்னாளில் அம்மைப்பால் கண்டு உலகப் புகழ் பெற்ற எட்வர்டு ஜென்னர், 1788-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அதனை விவரித்தார். பிறந்து சில மணி நேரமே ஆன, கண் திறவாத குயில்குஞ்சு, தன் முதுகின் பள்ளத்தில் மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாக ஏந்திப் பின்புறமாக நகர்ந்து, கூட்டின் விளிம்பேறி வெளியே தள்ளுகிறது. சுமார் பன்னிரண்டு நாளில் அந்தப் பள்ளம் மறைந்துவிடுகிறது. இத்தனை கொடுமை இயற்கையில் இருக்க இயலாது என்று நெடுங்காலம் பலர் ஜென்னரை நம்ப மறுத்தனர். ஆனால் அவர் கண்டது உண்மையே. கண் திறவாத குஞ்சுக்கு ஏது வஞ்சகம்? எவரும் கற்பிக்காத இயல்பு அது. டார்வினும் 1859-இல் வெளிவந்த தம் நூலில் குயிலின் இவ்வியல்பை எடுத்துக்கொண்டு, சிறு மாற்றங்கள் தலைமுறைதோறும் சேர்ந்து விளைந்த ஒன்றாகவே விளக்கினார்.

இனி வளர்க்கும் பறவையைப் பார்ப்போம். பறவைகளுள் அறிவிற் சிறந்த காக்கை ஏமாறுவது ஏன்? ஏமாளித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், ஐயத்தின் பேரில் முட்டையை எறியத் தொடங்கும் பறவை, ஒருநாள் தன் முட்டையையே எறிந்துவிடக் கூடும். ஐரோப்பியக் குயிலை முன்வைத்து, ஆர்னன் லோட்டம் என்னும் ஆய்வாளர் 1993-இல் இதனினும் நுட்பமான ஒரு விளக்கம் தந்தார். தாய்ப்பறவை தன் முதல் ஈற்றில் கூட்டில் காணும் குஞ்சைப் பார்த்து, ‘என் பிள்ளை இப்படித்தான் இருக்கும்’ என்று கற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அந்த முதல் ஈற்றிலேயே குயில் புகுந்துவிட்டால், கூட்டில் எஞ்சுவது குயில்குஞ்சு ஒன்றே. தாய் அதனையே தன் பிள்ளையின் உருவாகக் கற்றுக்கொள்ளும். பின்னர் வாழ்நாள் முழுவதும் தன் சொந்தக் குஞ்சுகளையே அயலார் என்று ஒதுக்கிவிடும். ஆகவே, குஞ்சின் முகம் பார்த்துப் பிரிக்கக் கற்பதைவிட, கூட்டில் திறக்கும் வாய்க்கு ஊட்டுவதே அதற்கு இழப்புக் குறைந்த வழி. பேதைமை என்று நாம் பெயரிட்டது, பெரியதோர் இழப்பிலிருந்து அதனைக் காக்கும் நெறியாகவும் இருக்கலாம்.

1998-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மற்றொரு விந்தையை வெளியிட்டனர். நாணற்புதரில் வாழும் சிறு குருவியின் கூட்டில் தனித்து வளரும் குயில்குஞ்சு, இடைவிடாது விரைந்து கத்துகிறது. அவ்வொலி, ஒரு கூடு நிறைந்த குருவிக் குஞ்சுகள் ஒருசேரக் கத்துவது போன்றது. உடன்பிறப்புகளை இல்லாமல் ஆக்கிய குஞ்சு, அவற்றின் குரல்கள் அனைத்தையும் தானே எழுப்பித்தான் பசியாற வேண்டியிருக்கிறது. கவிஞர் பெருமக்களே, இதனினும் துயரமான படிமம் ஒன்றை நம் கற்பனை ஈன்றிருக்குமா?

அடுத்து ஸ்பெயின் நாட்டின் வடபகுதி. அங்கே காக்கைக் கூடுகளில் முட்டையிடும் புள்ளிக்குயில் ஒன்று உண்டு. 2014-இல் வெளியான ஆய்வொன்று, குயில்குஞ்சு உள்ள கூடுகளே பகையிலிருந்து மிகுதியாகத் தப்புவதாகக் கண்டது. பிடிபட்டால் அக்குஞ்சு கடும் நாற்றமுடைய நீர்மம் ஒன்றைக் கழிக்கிறது. பூனையும் வல்லூறும் அதனை அருவருத்து விலகுகின்றன. பகை குறைந்த ஆண்டுகளில் குயிலால் காக்கைக்கு இழப்பு. பகை மிகுந்த ஆண்டுகளில் அதனாலேயே ஆதாயம். இதில் கள்வர் யார், காவலர் யார்?

இன்னும் ஒன்று. குயில் குடும்பத்தில் ஏறத்தாழ 140 இனங்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை தாமே கூடுகட்டித் தம் குஞ்சுகளைத் தாமே வளர்ப்பவை. நம் வேலியோரங்களில் நடந்து திரியும் செம்போத்து அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தன் கூட்டைத் தானே கட்டுகிறது. சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவிகளின் கூட்டை நாடுகின்றன. ஒரே குலத்தில் இத்தனை வேறுபட்ட வாழ்வு. இதில் எதனை எடுத்து மனிதருக்கு நீதி சொல்வது? துஷ்யந்தனின் சான்று செல்லாது. வளர்ப்புப் பிள்ளைமேல் எறியப்படும் சொல்லும் செல்லாது.

இதனால் கவிதையிலிருந்து குயிலை விரட்ட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. திணையும் கருப்பொருளும் வகுத்து, பறவையையும் விலங்கையும் நிலத்தோடு சேர்த்தே பாடிய மொழி நம்முடையது. கூர்ந்து பார்த்தலே அம்மரபின் வேர். உவமையை முன்பே முடிவு செய்துகொண்டு பறவையைத் தேடுகிறவர், ஏற்கனவே எழுதப்பட்ட கவிதையையே மீண்டும் எழுதுகிறார். பறவையை முதலில் பார்த்து, அது என்ன செய்கிறது என்று பொறுமையோடு அறிந்து, பின்பு எழுதுகோல் எடுப்பவருக்குப் புதிய உவமை தானே வந்து வாய்க்கும்.

வரும் வேனிலில் உங்கள் தெருவில் குயில் கூவும்போது, சற்றே நின்று அருகிலுள்ள காக்கைக் கூட்டையும் பாருங்கள். புள்ளி மேனியோடு ஓசையின்றிக் காத்திருக்கும் பெண்குயிலையும், திறந்த வாய்க்கெல்லாம் ஊட்டும் காக்கையையும் தமிழ்க் கவிதை இன்னும் போதிய அளவு பாடவில்லை. அப்பாடல்கள் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் இங்கிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் விழைவு.