பல்லில் விழும் வெடிப்பு

பல்வலி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சூத்தை. பல்லிலே கறுப்புப் புள்ளி ஒன்று தோன்றும்; அது குழியாகும்; இனிப்புப் பட்டாற் கூசும்; பின்னர் இரவு உறக்கத்தைக் கெடுக்கும். இது எல்லோரும் அறிந்த கதை. ஆனால், கண்ணாடி முன்னே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் குழியோ கறுப்போ தென்படாத பல்லொன்று, ஏதோ ஒரு கவளத்தில் மட்டும் மின்னல் வெட்டியதுபோல வலித்து, மறுகணமே ஒன்றும் நடவாததுபோல அடங்கிவிடுவதும் உண்டு. பல்லிலே வெடிப்பு விழுந்திருக்கின்றது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே முதல் அடையாளம். இந்த வெடிப்பு எவ்வாறு உண்டாகின்றது, அதனை எவ்வாறு கண்டுகொள்வது, கண்டபின் செய்யத்தக்கது யாது என்பன பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

பல்லின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். வெளியே தெரியும் வெண்மையான ஓட்டுக்கு மிளிரி அல்லது எனாமல் என்று பெயர். நமது உடம்பிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது அதுவே. கடினமான பொருள்கள் பலவற்றைப் போல அதுவும் நொறுங்குந் தன்மை உடையது. அதன் கீழே, சற்று வளைந்து கொடுக்கக்கூடிய தந்தினி என்னும் பகுதி இருக்கின்றது. தந்தினியினுள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றுள் நீர் நிறைந்துள்ளது. எல்லாவற்றுக்கும் நடுவே, நரம்பும் இரத்தக் குழாய்களும் கூடிய மென்மையான பற்கூழ் இருக்கின்றது. பல்லுக்கு உயிர் அதுதான்.

கை எலும்பு முறிந்தால் அதனை நேராக்கிக் கட்டிவைக்கின்றோம். சில வாரங்களில் அது பொருந்திவிடுகின்றது. எலும்பினுள்ளே இருக்கும் உயிரணுக்கள் புதிய எலும்பை ஆக்கிக்கொள்வதே காரணம். மிளிரியை ஆக்கிய உயிரணுக்களோ, பல் முரசைப் பிளந்து வெளிவரும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. ஆகையால், வெடித்த பல் தானாகப் பொருந்துவதில்லை. வலி சில நாட்களுக்கு நின்றிருக்கலாம். வெடிப்பு அங்கேயே இருக்கும். கவளத்துக்குக் கவளம் அது சிறிது சிறிதாக ஆழமாகும். காலந் தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

இனி, வெடிப்பு எவ்வாறு உண்டாகின்றது என்று பார்ப்போம். விறகு பிளப்பவன் தடித்த கட்டையின் நடுவே ஆப்பை வைத்து அடிக்கின்றான். ஓர் அடியிலே கட்டை பிளப்பதில்லை. பல அடிகள் விழுந்தபின் ஒரு நாளும் எதிர்பாராத கணத்தில் இரண்டாகின்றது. கடைவாய்ப் பற்களிலும் இதுவே நிகழ்கின்றது. கீழ்ப் பல்லின் நடுப் பள்ளத்திலே மேற்பல்லின் முகடு ஆப்புப் போலப் பொருந்துகின்றது. சோற்றினுள்ளே கிடக்கும் கல், எலும்புத்துண்டு, நண்டுக் கால், கொட்டைப்பாக்கு, நன்றாகக் காய்ந்த புழுக்கொடியல் ஆகிய இவற்றுள் ஒன்றை முழு வலுவோடு கடிக்கும்போது, அந்த ஆப்பின் மீது சம்மட்டி விழுகின்றது. சோடாப் போத்தலின் மூடியைப் பல்லாற் கழற்றுவோரும் நம்மிடையே உளர். அவர்கள் பல்லை வைத்துச் சூதாடுகின்றார்கள் என்றே சொல்ல வேண்டும்.

முன்னரே பெரிய அடைப்புப் போடப்பட்ட பற்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. அடைப்பு இடுவதற்காகப் பல்லின் நடுப்பகுதி அகற்றப்படும்போது, எஞ்சிய முகடுகள், குறுக்கு வளையை எடுத்துவிட்ட வீட்டின் சுவர்கள்போலத் தனித்து நிற்கின்றன. ஒவ்வொரு கடியிலும் அவை வெளிப்புறமாகச் சாய முயல்கின்றன. அடிவாரத்திலே ஒருநாள் கீறல் விழுகின்றது.

இன்னொரு காரணம் உறக்கத்திலே பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம். மனக் கவலையும் நெருக்கடியும் இதனைக் கூட்டுகின்றன. கொரோனாப் பெருந்தொற்று உலகை வருத்திய காலத்தில் இது நன்கு புலனாயிற்று. அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கம் 2021 ஆம் ஆண்டின் முற்பகுதியில் வைத்தியர்களிடம் கேட்டறிந்தபோது, பல்லைக் கடிக்கும் நோயாளர் தொகை பெருகியுள்ளதென நூற்றுக்கு 70 பேருக்கு மேற்பட்டோரும், வெடித்த பற்கள் பெருகியுள்ளனவென நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோரும் கூறினர். மனத்தின் சுமையைப் பல்லும் சுமக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெடித்த பல்லின் வலிக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. அது எப்போதும் இருப்பதில்லை, மெல்லும்போதே வருகின்றது. அதிலும், கடிக்கும்போது வருவதைவிடக் கடித்ததை விடும்போது சுரீரென்று வருவது இந்த நோயின் சிறப்பான அடையாளம். கடிக்கையில் வெடிப்பின் இரு கரைகளும் அகலுகின்றன. கடியைத் தளர்த்தியதும் அவை சட்டென்று ஒன்றையொன்று மோதுகின்றன. அவ்வேளையில் தந்தினிக் குழாய்களிலுள்ள நீர் விரைந்து அசைந்து, உள்ளே இருக்கும் நரம்பைத் தூண்டுகின்றது. இவ்வலியோடு, குளிர்ந்த நீர் பட்டாற் கூசுதலும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும்.

வலிக்கும் பல் எது என்று நோயாளியாற் சுட்டிக்காட்ட முடியாமையும் இந்நோயின் ஓர் இயல்பு. பற்கூழின் நரம்புகளுக்கு வலியை அறிவிக்கத் தெரியும். இடத்தைச் சரியாகக் காட்டத் தெரியாது. ஆதலால், கீழ்க் கடைவாய்ப் பல்லிலே வெடிப்பிருக்க, மேற்பல் நோகின்றது என்று நோயாளி முறையிடுவதும் உண்டு. இடப்புறமா வலப்புறமா என்பது மட்டும் பெரும்பாலும் தவறுவதில்லை.

இந்த மயக்கத்தினால் விளையும் கேடு சிறியதன்று. உதாரணத்துக்கு நாற்பத்தைந்து வயதான ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பல மாதங்களாக அவருக்கு வலி வந்து வந்து போகின்றது. எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கின்றார்கள். அதிலே ஒன்றும் தெரியவில்லை. வீட்டார், “உங்களுக்கு எல்லாம் மனப்பிரமை” என்கின்றனர். அவரோ பொறுமை இழந்து, “ஐயா, இந்தப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள்” என்று ஒரு பல்லைக் காட்டுகின்றார். பல் போகின்றது, வலி போகவில்லை. ஏனெனில், போனது அயற்பல். குற்றமற்ற பல்லை இழந்து, குற்றமுள்ள பல்லோடு வீடு திரும்பும் இந்நிலை எவருக்கும் நேரலாகாது.

வைத்திய உலகமே இதனைத் தெளிவாக வகுத்துக்கொள்ளச் சில காலம் சென்றது. முகடு பிளவுபடுவதால் உண்டாகும் பல்வலியைக் குறித்து கிப்ஸ் என்பவர் 1954 ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் 1964 ஆம் ஆண்டில் கமரன் என்பவர், அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், வெடித்த பல்லின் அறிகுறிகளை ஒன்றாகத் தொகுத்து அதற்கு ஒரு பெயரும் இட்டார். அப்பெயரே இன்றும் வழங்குகின்றது.

எக்ஸ் கதிர்ப் படத்தில் ஏன் வெடிப்புத் தெரிவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். தடித்த புத்தகமொன்றின் நடுவே மெல்லிய தாளொன்றை வைத்து, அட்டையின் முன்னிருந்து பாருங்கள், தாள் தெரியாது. புத்தகத்தின் விளிம்புப் பக்கமாகப் பார்த்தாற்றான் அது ஒரு கோடாகத் தெரியும். கடைவாய்ப் பல்லின் வெடிப்பு பெரும்பாலும் முன்னிருந்து பின்னாகவே ஓடுகின்றது. கதிரோ கன்னத்துப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கமாகச் செல்கின்றது. அட்டையின் முன்னிருந்து பார்ப்பதற்கு ஒப்பானது அது. எனவே, படத்தில் ஒன்றும் இல்லையென்றால் பல்லிலும் ஒன்றும் இல்லையென்று கொள்ளுதல் பிழை. வேரைச் சூழ்ந்த எலும்பு தேய்ந்திருந்தால் அதனை அறியப் படம் உதவும்.

அப்படியானால் வைத்தியர் எவ்வாறு கண்டுபிடிக்கின்றார்? மண்சட்டி வாங்கும்போது நாம் தட்டிப் பார்க்கின்றோம். கீறல் இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். வெடித்த பல்லை மேலிருந்து தட்டினால், பல வேளைகளில் அது நோவதே இல்லை. ஆகவே வைத்தியர், சிறிய ஆப்பு வடிவான பிளாஸ்ரிக் கருவியொன்றை முகடு முகடாக வைத்துக் கடிக்கச் சொல்லுவார். பின் விடச் சொல்லுவார். எந்த முகட்டிலே விடும்போது வலி பாய்கின்றதோ, அங்கே ஐயம் எழும். பழைய அடைப்பு இருந்தால் அதனை அகற்றிப் பார்ப்பார். பிரகாசமான ஒளியைப் பல்லின் ஒரு பக்கத்திலிருந்து செலுத்துவார். ஒளி வெடிப்புவரை வந்து தடைப்பட, மறுபுறம் இருண்டிருக்கும். நீலச் சாயம் தடவினால் அது கீறலுட் புகுந்து கோடாகத் தெரியும். நுணுக்குக்காட்டியின் உதவியும் இக்காலத்தில் உண்டு. இறுதியாக, மெல்லிய அளவுகோலினால் முரசின் ஓரத்தைச் சுற்றி அளந்து பார்ப்பார். ஓரிடத்தில் மட்டும் ஒடுங்கிய ஆழமான பள்ளம் இருந்தால், வெடிப்பு வேர்வரை இறங்கிவிட்டதென அஞ்ச வேண்டும்.

சிகிச்சை, வெடிப்பின் ஆழத்தைப் பொறுத்தது. மிளிரியில் மட்டும் மயிரிழை போலத் தோன்றும் கோடுகள் வயது வந்தோர் பலருக்கும் உண்டு. அவற்றுக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. ஒரு முகடு மட்டும் பிளந்திருந்தால், அதனை நீக்கி, அடைப்பினாலோ உறையினாலோ பல்லைச் சீராக்கலாம்.

வெடிப்புத் தந்தினியினுட் சென்றிருந்து, பற்கூழ் இன்னும் நலமாயிருந்தால், பல்லின் முகடுகள் யாவற்றையும் மூடி உறை போடுவதே தக்க வழி. பிளக்கத் தொடங்கிய பீப்பாவுக்கு இரும்பு வளையம் பூட்டுவது போன்றது அது. வெடிப்பை மாற்றாது, ஆனால் கரைகளை அசையவிடாது. சில வேளைகளில், முதலில் உலோகப் பட்டியையோ தற்காலிக உறையையோ பூட்டிச் சில வாரம் பொறுத்துப் பார்ப்பர். வலி அடங்கினால் நிலையான உறை போடப்படும்.

சூடுபட்டு எழுந்த வலி நெடுநேரம் நிற்பதும், ஒன்றும் கடியாமலே இரவில் வலிப்பதும் பற்கூழ் மீளமுடியாதபடி பழுதுபட்டதற்கு அடையாளங்கள். அப்போது பழுதுபட்ட கூழை அகற்றி, வேரின் உட்குழாயைத் துப்புரவாக்கி அடைக்கும் சிகிச்சை வேண்டும். அதன் பின்னரும் உறை அவசியம். பல் இரண்டாகப் பிளந்துவிட்டாலோ, வேர் நெடுக வெடித்துவிட்டாலோ, பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. உறை போட்ட பற்களுள்ளும் சிலவற்றுக்குப் பின்னாளில் வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம். ஆயினும், காலத்தோடு காணப்பட்ட பல் நெடுங்காலம் உழைக்கும் வாய்ப்புப் பெரிது.

உறை போடும் வேலை எல்லாச் சிகிச்சை நிலையங்களிலும் நடைபெறுவதன்று. விசேட நிபுணர்கள் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு உங்களை அனுப்ப வேண்டி நேரலாம். பயணமும் காத்திருப்பும் தொல்லையென்று எண்ணி, “பிடுங்கிவிட்டாற் போதும்” என்று அவசரப்பட வேண்டாம். போன பல் திரும்பி வராது.

வைத்தியரைக் காணும்வரை செய்யத்தக்கவை சில. மறுபுறத்தால் மெல்லுங்கள், மென்மையான உணவையே உண்ணுங்கள், மிகக் குளிர்ந்ததையும் மிகச் சூடானதையும் தவிருங்கள். வலி மிகுந்தால், ஒவ்வாமையோ ஈரல் நோயோ இல்லாதவர்கள் பரசிற்றமோல் மாத்திரையை உரிய அளவில் எடுக்கலாம். அஸ்பிரின் மாத்திரையைப் பல்லருகே அடக்கி வைத்தல் கூடாது. அது முரசைப் புண்ணாக்கும். கிராம்பு எண்ணெயையும் மிகுதியாகப் பூசினால் அவ்வாறே ஆகும். மீதமிருந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை விழுங்குவதாற் பயனில்லை. வெடிப்பை எந்த மாத்திரையும் ஒட்டாது. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் கடினமானாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

வருமுன் காப்பதும் நம் கையில் உண்டு. அரிசியைக் கவனமாக அரித்துக் கல் நீக்குங்கள். புழுக்கொடியலை முறித்தும் இடித்தும் உண்ணுங்கள். பாக்கை இடித்துப் போட்டால் பல்லுக்கு நல்லது என்று சொல்லலாம். ஆனால் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளதால், அதனை விட்டுவிடுவதே முழு நன்மை. உறக்கத்திற் பல்லைக் கடிப்பவர்கள், இரவிலே அணியும் பற்கவசத்தை வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம்.

நேயர்களே, ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு நாள்தோறும் துலக்கிய தூய பல்லுக்கும் வெடிப்பு வரலாம். அது நோயாளியின் அசட்டையாலும் வருவதன்று, மனப்பிரமையும் அன்று. இந்நோயைக் கண்டறிவதில் எக்ஸ் கதிரினும் முந்திய கருவி நோயாளியின் வாய்மொழியே. வலி எப்போது வருகின்றது, எதனைக் கடிக்கையில் வருகின்றது, கடிக்கும்போதா அல்லது விடும்போதா, குளிருக்குக் கூசுகின்றதா, எத்தனை விநாடி நிற்கின்றது என்பவற்றை இரண்டு மூன்று நாட்கள் கவனித்து ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள். அத்தாளோடு வைத்தியரிடம் செல்லுங்கள். பிடுங்க வேண்டிய பல் எது என்பதைவிடக் காக்கக்கூடிய பல் எது என்று அவரிடம் முதலிற் கேளுங்கள்.