ஊரார் ஜீப்

(கும்மிடிப்பூண்டிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வெளிவரும் தொழிலாளியைப் பார்த்திருக்கிறீர்கள். கேட்டருகே நிற்கிறான். காவலர் பையைத் திறக்கச் சொல்கிறார். திறக்கிறான். சோற்றுப் பாத்திரத்தைக் காட்டச் சொல்கிறார். காட்டுகிறான். ஏன் இந்தச் சோதனை? இரும்பு ஆணி ஒன்று வெளியே போய்விடக் கூடாதாம். ஆணி முதலாளியுடையது, தொழிலாளியுடையது அன்று. நியாயந்தான்! மறுக்கவில்லை நாம்.

ஆனால் கேட்கிறேன்: ஆணிக்கு இருக்கிற காவல் ஜீப்புக்கு உண்டா? ஆணி எடுத்தவன் திருடன் என்றால், ஊரார் வரிப்பணத்தில் வாங்கிய வண்டியை, ஊரார் வரிப்பணத்தில் ஊற்றிய டீசலோடு, உறவினர் திருமணத்துக்கு ஓட்டிச் செல்பவருக்கு என்ன பெயர்? அவருக்கு நாம் சூட்டியிருக்கிற பெயர் ‘ஐயா’!

திருவள்ளூர் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள், 526 ஊராட்சிகள். அவற்றுள் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் மட்டும் 61. ஆரம்பாக்கம் ஒரு கோடி; தேர்வாய்க்கண்டிகை ஒரு கோடி. மழை பெய்தால் ஆரணியாறு சீறும், ஏரி உடையும், பாதை மறையும். அப்படிப்பட்ட நேரத்தில் அதிகாரி ஊருக்குள் வர வேண்டும் என்பதற்காகத்தான் வண்டி தந்தோம். வசதிக்கு அன்று, வேலைக்கு! ஆகவே வண்டியைப் பறித்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வேகாத வெயிலில் அதிகாரி நடந்து வரட்டும் என்பது சோம்பேறித்தனமான சீர்திருத்தம். வண்டி வேண்டும், அது ஊருக்கு வர வேண்டும். அவ்வளவே என் வழக்கு.

நாடகம் எழுதுகிறவன் நான்; ஆகவே ஒரு சிறு காட்சி. கற்பனைதான். ஆனால் பாத்திரங்களை எங்கோ பார்த்ததாக உங்களுக்குத் தோன்றினால், பழி என்மேல் இல்லை.

அதிகாரி: நேற்றுப் பயணத்தை ஏட்டில் எழுதிவிட்டாயா?

ஓட்டுநர்: இல்லை ஐயா. அம்மாவைத் தியாகராய நகருக்கு அழைத்துப்போய் வந்தோம். அதை எப்படி எழுதுவது?

அதிகாரி: இது தெரியாதா? ‘பள்ளிக் கட்டடப் பணி ஆய்வு’ என்று எழுது.

ஓட்டுநர்: அந்தப் பள்ளிக்குப் போய் ஆறு மாதமாகிறதே, ஐயா!

அதிகாரி: அதனால்தான் எழுதச் சொல்கிறேன்!

சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும் சிந்தியுங்கள். வீணானது டீசல் மட்டுமா? போகாத பள்ளிக்குப் போனதாக ஏடு சொல்கிறது. ஒழுகும் கூரை ஒழுகியபடியே இருக்கிறது. ஆய்வு மட்டும் முடிந்துவிட்டது! டீசல் திருட்டை மறைக்கப் பிறந்த பொய், கடமை தவறியதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. அந்தப் பொய்யின் கீழே கையொப்பம் யாருடையது? ஓட்டுநருடையது! உல்லாசம் ஒருவருக்கு, உறுத்தல் இன்னொருவருக்கு. தணிக்கை வரும் நாளில் முதலில் நடுங்குவது அந்த ஏழையின் கைதான்.

“சின்ன விஷயம், இதைப் போய்ப் பேசுகிறாயே” என்பார் சிலர். நேருவுக்குப் பின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி இதைச் சின்ன விஷயமாகக் கருதவில்லை. அரசுக் காரை மகன் தம் சொந்த உல்லாசத்துக்கு ஓட்டிச் சென்றதை அறிந்ததும், ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு, அதற்குரிய பணத்தை வீட்டிலிருந்து கட்டச் செய்தார். இதைச் சொன்னவர் அந்த மகனே! சொந்தமாகப் பியட் கார் வாங்க அதே சாஸ்திரி வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் அவர் மறைந்தபோதும் கடன் தீரவில்லை. அவருடைய துணைவியார் அடைத்தார். நாட்டின் பிரதமருக்கு வராத துணிச்சல், நம் ஒன்றியத்தில் ஒருவருக்கு வருவானேன்?

கடல் கடந்தும் பாருங்கள். ஜெர்மனியில் உல்லா ஷ்மிட் என்ற சுகாதார அமைச்சர் 2009ஆம் ஆண்டு ஸ்பெயினுக்கு விடுமுறை சென்றார். அரசாங்கக் காரும் அங்கே சென்றது. திருடன் ஒருவன் அதைத் திருடிக்கொண்டு போனான். செய்தி உலகெங்கும் பரவியது! விதியை மீறவில்லை என்று அவர் வாதாடினார். ஆயினும் தேர்தல் வேளை. தலைமைக் குழுவில் அவரை உடனே சேர்க்காமல் கட்சி நிறுத்தி வைத்தது. அங்கே திருடன் வந்து சொன்னான். இங்கே யார் வந்து சொல்வது?

நம் நாட்டு வருமான வரி விதிகள், 1962 என்ன கூறின? கம்பெனி தரும் காரை மேலாளர் சொந்தத்துக்கும் பயன்படுத்தினால், அது சம்பளத்தோடு சேர்ந்த சலுகை. மாதம் 1,800 ரூபாய் அல்லது 2,400 ரூபாய், ஓட்டுநருக்கு 900 ரூபாய் என மதிப்பிட்டு வரி போடு என்றன. முழுக்க அலுவலுக்கே என்றால் தேதி, இடம், தூரம் எழுதிய ஏட்டைக் காட்டு என்றன. இலாபத்துக்கு நடக்கும் தொழிற்சாலையிலேயே இந்தக் கணக்கு! மக்களுக்காக நடக்கும் அலுவலகத்தில் மௌனமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. தம்மிடம் ஒப்படைத்த பொதுச் சொத்தை நேர்மையின்றித் தம் பயனுக்கு ஆக்கிக்கொள்ளும் பொது ஊழியரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. 2017 மே 1 முதல் அதிகாரிகளின் காரிலிருந்து சிவப்பு விளக்கையே இறக்கிவிட்டோமே! விளக்கு இறங்கியது, மனத்திலிருக்கும் மமதை இறங்கவில்லை.

இறக்கும் கருவி உங்கள் கையில் இருக்கிறது, தோழர்களே! 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்குக் கெடு முப்பது நாள். வண்டியின் பயண ஏட்டைக் கேளுங்கள். நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. ஏட்டில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கும். அந்தத் தேதியில் அந்த வண்டி வந்ததா என்று உங்களைவிட நன்றாக அறிந்த தணிக்கையாளர் யார்?

திருவள்ளூர் மாவட்டத்தில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். கேள்வி கேட்க மன்றம் இல்லாத நாளில் மக்களே மன்றம். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: ‘ஒன்றிய வண்டியின் பயண ஏட்டை மாதந்தோறும் அலுவலக வாசலில் ஒட்டுக. சொந்தப் பயணம் நேர்ந்தால் அதற்குரிய பணத்தை வசூலித்து இரசீதையும் ஒட்டுக.’

நேர்மையான அதிகாரிக்கு இதனால் நட்டமில்லை, பெருமை! ஓட்டுநருக்கோ விடுதலை! தொழிலாளி தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து காட்டுகிறான், நாள்தோறும், தலை நிமிர்ந்து. அதிகாரி ஒரு ஏட்டைத் திறந்து காட்டட்டும், மாதம் ஒருமுறை. கேட்போம்; பெறுவோம்!